வெங்காயத் தோல், அறுபது முட்டை, ஒரு மேடு

முதல் முட்டை 2025 பிப்ரவரி 22-ஆம் தேதி வெடித்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வேறென்ன நடக்கும்? இருபது வருஷமாக முட்டை அவிக்கிறவளுக்கு இது தெரியாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். தெரியும். ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடுகிறேன் என்ற நினைப்பில், அவிக்கிறேன் என்பது மறந்துவிட்டது.

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தில், ஃபைஃப் கடற்கரையோரம் ஒரு சிற்றூர். ஊர்க்கோயில் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது, அதாவது பிரஸ்பிட்டேரியன். ஊரார் வாயில் அது 'கர்க்'. ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர் வந்தால் நல்ல கூட்டம். பேராயர் கிடையாது. ஆயரும் மூப்பர்களும் சேர்ந்த 'செஷன்'தான் எல்லாவற்றையும் முடிவுசெய்யும். எங்களுக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் வந்து கலந்த ஓடைகளில் பிரஸ்பிட்டேரியன் ஓடையும் ஒன்று. அப்பா படித்தது செங்கல்பட்டில், ஸ்காட்லாந்து மிஷனரிகள் வைத்த தூய கொலம்பா பள்ளியில். அந்தக் கொலம்பா 563-இல் அயர்லாந்திலிருந்து இங்குள்ள அயோனா தீவுக்குப் படகில் வந்த துறவி என்று எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு இன்னும் அவர் ஒரு சீருடை நிறம், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில், கல்லறைத் தோட்டம் முழுக்கப் பனித்துளிப் பூ வெள்ளையாகக் கிடந்த ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஈஸ்டர் பேச்சு வந்தது. இந்த ஊரில் ஈஸ்டரன்று அவித்த முட்டைக்குச் சாயம் போட்டு மேட்டிலிருந்து உருட்டுவார்கள். இயேசுவின் கல்லறைக் கல் புரண்டதன் அடையாளம் என்பது விளக்கம். பழைய ஆட்கள் அதைப் 'பேஸ் முட்டை' என்கிறார்கள். பேஸ் என்பது வேறொன்றுமில்லை, நம் பஸ்கா, அதாவது ஈஸ்டர். சில வருஷமாகப் பிளாஸ்டிக் முட்டைக்குள் சாக்லேட் வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். "இந்த வருஷம் பழையபடி வெங்காயத் தோலில் போட்டால் என்ன?" என்றார் ஒருவர். எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

முதல் முயற்சிக்கு மூன்று வெங்காயத்தின் தோல், ஆறு முட்டை, கால் மணி நேரக் கொதி. வெடித்தது போக மிச்சம் ஐந்தும் டீ கறை பட்ட மாதிரி இருந்தன. இந்த நாட்டில் கடை முட்டை பெரும்பாலும் பழுப்பு ஓடுதான். அதன் மேல் லேசான சாயம் போட்டால், போட்டதாகவே தெரியாது.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 87 வயது. ஐந்து முட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோல் போதாது, ஹென்" என்றார். ஹென் என்றால் பெட்டைக்கோழி. முதல் வருஷம் யாரோ என்னை அப்படிக் கூப்பிட்டபோது முகம் சுருங்கிப் போனேன். இங்கே அது 'கண்ணு' மாதிரி. முட்டை வேலை செய்கிறவளுக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

அவர் சொன்ன கணக்கு, பாத்திரத்தில் பாதிக்குத் தோல் அடைத்திருக்க வேண்டும் என்பது. அவ்வளவு தோலுக்கு எங்கே போவது? சாம்பார் வைத்துச் சேர்த்தால் அடுத்த ஈஸ்டர் வந்துவிடும். கைகொடுத்தது லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். புதன்கிழமை மதியங்களில் கோயில் கூடத்தில் சூப்பும் ரொட்டியும் போட்டுக் காணிக்கை எடுப்பார்கள். லெந்து காலத்தில் லென்டில் சூப். நான் சொன்ன இந்த சிலேடைக்கு இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை, நீங்களாவது சிரியுங்கள். ஒரு தவலை பருப்பு சூப்புக்கு ஏழெட்டு வெங்காயம் போகும். அந்தத் தோலை எனக்கென்று ஒரு காகிதப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தார்கள். பிறகு வீட்டுத் தோலும் வந்தது. கதவுக் கைப்பிடியில் பை தொங்கும், அல்லது ஆளே வந்து நிற்பார்.

ஆள் வந்தால் செய்தியும் வரும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு வருஷமாக இங்கே ஆராதனைக்குப் போகிறேன், என் காதுக்கு வந்தது அறிவிப்புத் தாளில் அச்சானது மட்டும்தான். தோல் வாங்க ஆரம்பித்த ஒரு மாதத்தில் யாருக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் தள்ளிப்போனது, ஆர்கன் வாசிக்கிறவருக்கு ஏன் மெதுவான பாட்டாகவே பிடிக்கிறது (விரல் மூட்டு வலி), கூரைக்கு எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் வாசலில் நின்றபடியே தெரிந்துவிட்டது. பெரிய செய்தி ஒன்றுதான். ஆயர் போன இலையுதிர் காலத்தில் ஓய்வுபெற்றார். வேறு ஆயர் வருவது நிச்சயமில்லை. பக்கத்து இரண்டு சபைகளோடு இணைப்பார்கள், மூன்று கட்டடத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ஸ்காட்லாந்து முழுக்க இதே கதைதான்: ஆயர்கள் குறைவு, கட்டடங்கள் அதிகம். இதைச் சொன்னவர் ஒரு மூப்பர். சொல்லிவிட்டு, "சிவப்பு வெங்காயத் தோலும் கலந்திருக்கிறது, பரவாயில்லையா?" என்று கேட்டார்.

பரவாயில்லை என்றேன். தப்பு. சிவப்பு வெங்காயத் தோல் சிவப்பு தரும் என்று நம்பியிருந்தேன். தனியாகக் கொதிக்கவைத்துப் போட்டதில் பாசி படிந்த மாதிரி ஒரு பழுப்பு வந்தது. குளத்துப் படிக்கட்டு நிறம். அதை ஓரம்கட்டினேன்.

மார்ச் கடைசி வாரத்தில் கைவந்த முறை இது. தோலை மட்டும் அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறவைத்து வடிகட்ட வேண்டும். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர். முட்டை வெளியே இருந்து குளிர் விட்டிருக்க வேண்டும். ஆறிய சாயத்தில் போட்டு மெல்லச் சூடேற்றி, கொதி தட்டியபின் பத்து நிமிஷம். அப்புறம் சாயத்தோடேயே ஒரு இரவு ஃப்ரிட்ஜில். காலையில் எடுத்தால் பழுத்த செங்கல் நிறம். துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மெருகேற்றிய தேக்கு மாதிரி மின்னும்.

வினிகர் கொஞ்சம் கூடினால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே என்று அரைக் கோப்பை ஊற்றியும் பார்த்தேன். சோடா மாதிரி நுரைத்தது. ஓடு சுண்ணாம்புதானே, அமிலம் தின்கிறது. மேல்தோல் உரிந்து, வெண்குஷ்டம் மாதிரித் திட்டுத் திட்டாகிவிட்டது. அந்த ஆறும் எங்கள் வீட்டு முட்டைக் குழம்பு.

மார்ச் 30-ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள். இந்த வருஷம் அன்னையர் ஞாயிறும் அதே நாளில் விழுந்தது. பாதிப் பேர் பாதி ஆராதனையில் வந்து சேர்ந்தார்கள். ஆயர் இல்லாததால் வெளியூரிலிருந்து பிரசங்கத்துக்கு வந்தவர் மட்டும் சரியான நேரத்துக்கு வந்து ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பெண்களுக்கும் டாஃபடில் பூங்கொத்து கொடுத்தார்கள். அங்கேதான் இலை யோசனை வந்தது. முட்டை மேல் ஈரமான இலையை ஒட்டி, பழைய நைலான் காலுறையில் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டிச் சாயத்தில் போட்டால் இலை இருந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். நைலான் காலுறை போடும் தலைமுறை எங்கள் சபையில் நிறைய. அடுத்த புதனுக்குள் இரண்டு பை வந்தது, எல்லாம் துவைத்து மடித்து.

பன்னம் (பெரணி) இலை நன்றாக வந்தது. ப்ரிம்ரோஸ் இலை சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் அடியில் சாயம் புகுந்து கலங்கிவிட்டது. கறிவேப்பிலை விறைப்பு, ஓட்டின் வளைவுக்கு மடங்காது. எல்லாவற்றையும் தோற்கடித்தது கொத்தமல்லி! மெல்லிசு, தட்டை, ஒவ்வொரு பல்லும் தெளிவாக விழும். பாட்டி அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்கம்மா பார்ஸ்லி வைப்பாள்" என்றார்.

மஞ்சள் நிறம் பற்றி ஒரு வாக்குமூலம். இங்கே வழக்கமாக மஞ்சளுக்கு வின் பூ. கோர்ஸ் என்பதும் அதுதான். ஏப்ரலில் மேடெல்லாம் மஞ்சளாய்ப் பற்றி எரியும். கிட்டப் போனால் தேங்காய் வாசனை. உண்மையாகவே தேங்காய், அப்போதுதான் துருவிய மாதிரி. எங்கள் மகள் முதல்முறை மோந்துவிட்டு, "ஆச்சி வீட்டு அடுக்களை" என்றாள். ஆனால் செடி முழுக்க ஊசி முள். ஒரு மணி நேரம் தையல் பிரித்த மாதிரி விரல் நுனி. கிடைத்தது ஒரு கிண்ணம் பூ. அதற்காகவே தேடிப் பிடித்த வெள்ளை ஓட்டு வாத்து முட்டையில் அது கொடுத்த நிறம், சற்று யோசித்தால் மஞ்சள் என்று சொல்லலாம். ஆள் இல்லாத நேரத்தில் அரைக் கரண்டி மஞ்சள்தூள் சேர்த்தேன். பிரமாதமாக வந்தது. கையில் ஒட்டும், அது ஒன்றுதான் குறை. கூடத்தில் ஒரு மூதாட்டி கையில் எடுத்து மோந்து, "இந்த வின் ஃபைஃபில் வளர்ந்ததில்லையே" என்றார். நான் அடுப்பைக் கவனித்தேன்.

புனித சனி, ஏப்ரல் 19. முப்பது முட்டை அட்டை இரண்டு. வீட்டுப் பாத்திரம் பத்தாமல் கூடத்திலிருந்த பெண்கள் சங்கத்து எனாமல் தவலையை எடுத்தேன். அறுபது முட்டையும் நன்றாக வந்தன. தவலைக்குள் மட்டும் ஒரு பழுப்பு வளையம் தங்கிவிட்டது. அந்தத் தவலைக்கு இந்தச் சபையில் பல மூப்பர்களைவிட மதிப்பு அதிகம். சோடா மாவு போட்டேன், அசையவில்லை. கடைசியில் வீட்டுக்கு ஓடி, புளியைக் கரைத்து உப்போடு தேய்த்ததில் முக்கால்வாசி போயிற்று. கால்வாசி இன்னும் இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முந்தின நாள் பெரிய வெள்ளி. மூன்று மணி நேர மும்மணித் தியானம், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தை, கறுப்புச் சேலை என்று வளர்ந்தவளுக்கு இங்கே மாலையில் அரை மணி நேரம், பதினாலு பேர், இரண்டு பாட்டு. முதல் வருஷம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு காரணம் புரிந்தது. 1560-இல் சீர்திருத்தக்காரர்கள் வேதத்தில் இல்லாத பண்டிகைகளை எல்லாம் தள்ளிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸுக்கே 1958-இல்தான் பொது விடுமுறை வந்தது. கோயிலுக்குள் பண்டிகை அடங்கிக் கிடந்த அத்தனை காலமும் மேட்டில் முட்டை உருண்டுகொண்டிருந்தது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

ஈஸ்டர் விடியலில், ஆறு மணிக்குச் சற்று முன்பு, கடற்கரையில் பதினெட்டுப் பேர் நின்று பாடினோம். காற்றில் பாதிப் பாட்டு நார்வே பக்கம் போயிற்று. பதினொரு மணி ஆராதனைக்கு, கோயில் பணியாளரை அம்மா ஊர்ப்பக்கம் கோயில்பிள்ளை என்போமே, இங்கே 'பீடில்', அவர் வேதாகமத்தை ஏந்தி முன்னே நடந்தார், எல்லோரும் எழுந்து நின்றோம். முடிந்ததும் நேரே மேட்டுக்கு. அது கோயில் மானிய நிலம், 'க்ளீப்' என்பார்கள்; ஒரு விவசாயி ஆடு மேய்க்கக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். குட்டிகளை இரண்டு நாள் முன்பே அடுத்த வயலுக்கு மாற்றியிருந்தார், புழுக்கையை மாற்றவில்லை.

நான் கணக்குப் போடாதது தரை. இந்த வசந்தத்தில் மழை இல்லை. பிரிட்டனில் பதிவு தொடங்கியதிலிருந்து இவ்வளவு வெயில் அடித்த வசந்தம் இல்லை என்று பிறகு வானிலைத் துறை சொன்னது. ஆடு மேய்ந்த கட்டைப் புல், கீழே கட்டாந்தரை. முட்டை உருளவில்லை, குதித்தது. இரண்டு மாத வேலை இருபது நிமிஷத்தில் சில்லு சில்லாயிற்று. பிள்ளைகளுக்கு அதைவிட ஆனந்தம் இல்லை. கொத்தமல்லி முட்டைகளையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. உடையாமல் தேறியது பத்தொன்பது.

பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிப் போயிருந்தார்கள். அவர் எறியவில்லை, கையைத் திறந்தார், அவ்வளவுதான். முட்டை நேராகப் போய், ஒரு கல்லில் தட்டாமல் திரும்பி, வின் புதருக்குள் புகுந்துவிட்டது. கையை விட முடியாத முள். உடைந்ததா இல்லையா? இரண்டு மூப்பர்கள் குனிந்து பார்த்து, ஒதுங்கிப் பேசி, உடைந்ததற்குச் சாட்சி இல்லாததால் முழு முட்டையே என்று தீர்ப்புச் சொன்னார்கள். பரிசுச் சாக்லேட் பாட்டிக்கு.

மே மாதம் எடின்பரோவில் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் பொதுச்சபை கூடியது. அரசர் சார்பில் உட்கார்ந்தவர் லேடி ஏலிஷ் ஆஞ்சியோலினி, அந்த இடத்துக்கு வந்த முதல் கத்தோலிக்கர். அதற்கென்றே சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் கூடத்தில் அதற்கு வந்த ஒரே விமர்சனம், "எப்போதோ செய்திருக்க வேண்டியது". சபை இணைப்புப் பேச்சு அதைவிட நீளம். எங்கள் கட்டடத்தின் கதி இன்னும் முடிவாகவில்லை. மானிய நிலத்தை விற்கலாமா என்றும் ஒரு கேள்வி ஓடுகிறது.

அடுத்த ஈஸ்டர் 2026 ஏப்ரல் 5, இரண்டு வாரம் முந்தி. வின் பூ அவ்வளவு இருக்காது, மஞ்சள்தூளைப் பகிரங்கமாகவே போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். தவலை சொந்தமாக வாங்க வேண்டும். ஜூன் முதல் வாரம் அந்தப் பக்கம் நடந்தபோது புதரை விலக்கி எட்டிப் பார்த்தேன். முட்டை அங்கேயே இருந்தது. ஒரு பக்கம் காகம் கொத்தியிருந்தது. சாயம் போகவில்லை.