மேல்காத்து அடிக்குது, வீட்டச் சுத்தி சருகு கிடக்குது (நாட்குறிப்பு)

ஏப்ரல் 23, 2025

கை இன்னும் நடுங்குது, ஆனா இன்னிக்கே எழுதிடணும்னு உக்காந்துட்டேன். எங்க ஊர் காடாம்புலியூர் பக்கம், சுத்தி முந்திரிக் கொல்லதான். கொட்டை பொறுக்குற நேரம்ங்கறதால எல்லாரும் மரத்தடிய கூட்டி சருகக் குமிச்சிக் கொளுத்துறாங்க. மதியம் ரெண்டு மணி இருக்கும், ரோட்டுக்கு அந்தாண்ட கொல்லக்காரர் கொளுத்தி விட்டுட்டு சாப்பிடப் போயிட்டாரு, மேல்காத்து ஒரு வீசு வீசுச்சி பாருங்க, எரியற சருகு ஒண்ணு ரோட்டத் தாண்டி வந்து சித்தப்பா மாட்டுக்கொட்டா கீத்து மேல உக்காந்துச்சி. என் கண்ணால பாத்தேன். உள்ளங்கை அளவு கூட இல்ல. மொதல்ல மெல்லிசா பொகை, அப்புறம் அந்த எடம் மட்டும் கறுத்து, ஓரம் செவந்து, ஓட்ட விரியற மாதிரி விரியுது. "சித்தப்பா"ன்னு கத்தி முடிக்கல, கொட்டா முழுக்க நெருப்பு.

அந்த நேரம் பாத்து கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. சித்தப்பா அருவாளால மாட்டுக் கயித்த அறுத்து விட்டாரு, நாங்க தொரட்டி போட்டு வீட்டுப் பக்கத்துக் கீத்த இழுத்துக் கீழ தள்ளுனோம், சித்தி கேஸ் சிலிண்டர உருட்டிக்கிட்டே தெருவுக்கு வந்துட்டாங்க. 101க்கு அடிச்சி வண்டி வந்து அணைக்கறப்போ கொட்டா சாம்பல். வீடு தப்பிச்சிது. மாடு ரெண்டும் பொழச்சிடுச்சி, கன்னுக்குட்டிக்கு முதுகுல காயம்.

ஏப்ரல் 25

தம்பி அமெரிக்கால, கலிஃபோர்னியா மாநிலத்து சாக்ரமெண்டோல இருக்கான். ராத்திரி வீடியோ கால்ல கொட்டாவக் காட்டுனேன், ரொம்ப நேரம் பேசவே இல்ல அவன். 2018 நவம்பர் 8 அன்னிக்கு அவங்களுக்கு வடக்க பாரடைஸ்னு ஒரு ஊரே எரிஞ்சிது, 85 பேர் செத்தாங்க, 18,000க்கு மேல கட்டடம் போச்சி. காட்டுத்தீன்னா செவுரு மாதிரி நெருப்பு வந்து வீட்ட முழுங்கும்னுதான் நான் நெனச்சிட்டு இருந்தேன். இல்லக்கா, முக்காவாசி பறந்து வர்ற கங்குதான், மைல் கணக்கா முன்னாடியே பறந்து வந்து காய்ஞ்சது எங்க கெடக்குதோ அங்க உக்காரும்ங்கறான். வீடு தரைமட்டமா இருக்குமாம், பக்கத்துலயே மரம் பச்சையா நிக்குமாம்.

ஜாக் கோஹன்னு அங்க வனத்துறை விஞ்ஞானி ஒருத்தர், கனடா காட்டுல மரச் செவுரு நட்டு வச்சி, நெசமாவே காட்டக் கொளுத்திப் பாத்திருக்காரு. காட்டு ஓரத்துல இருந்து 10 மீட்டர்ல இருந்த செவுரு சிலது பத்திக்கிச்சி, 30 மீட்டர்ல இருந்தது கருகக் கூட இல்லயாம். அப்போ அவ்ளோ பெரிய நெருப்பு எரிக்காத வீட்ட, நம்ம வாசல்ல கெடக்கற குப்பை எரிச்சிடுது. எனக்குத் தூக்கமே வரல.

ஏப்ரல் 27, ஞாயிறு

கலிஃபோர்னியால செவுத்துல இருந்து 5 அடிக்குள்ள எரியற பொருள் எதுவுமே வைக்காதேங்கறாங்களாம். இன்னிக்கு டேப்ப எடுத்துக்கிட்டு வீட்டச் சுத்தி வந்தேன். அந்த அஞ்சடிக்குள்ள வெறகுக் கட்டு, தென்னம் மட்டை, பழைய சாக்கு, காத்தாடி மாதிரி கிழிஞ்சி தொங்கற தார்ப்பாய், அம்மா பத்தரமா சேத்து வச்ச தேங்காநார், கதவுக்குப் பக்கத்துலயே தொடப்பக் கட்டு. எல்லாம் நாங்களே கொண்டாந்து வச்சது. எங்களுது ஓட்டு வீடு, ஓட்டுல தீப் பத்தாதேன்னு தைரியமா இருந்தேன், ஏணி போட்டு ஏறிப் பாத்தா ஓட்டு இடுக்குல முந்திரிச் சருகு விரல் கனத்துக்கு அடைஞ்சி கெடக்குது, இறவாரத்துல குருவி கட்டிட்டுப் போன பழைய கூடு. கலிஃபோர்னியால வீட்டுல காத்துப் போற ஓட்டைக்கெல்லாம் மெல்லிசு கம்பி வலை அடிப்பாங்களாம், நானும் பண்ருட்டில வாங்கியாந்து அடிக்கணும்.

ஓட்ட ஒரசற முந்திரிக் கிளைய வெட்டலாம்னதும் அம்மா கோவமாயிட்டாங்க. அது 'தானே'ங்கற புயலுக்கு அப்புறம் அப்பா வச்ச மரம். 2011 டிசம்பர் 30, ஒரே ராத்திரில கொல்ல மொத்தமும் சாஞ்சிது, பலா கூட நிக்கல. அப்பா இப்ப இல்ல. "அவரு கையால வச்சது, கத்தி வைக்காத கண்ணு"ன்னாங்க. எனக்கும் மனசு வரல, உக்காந்து ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் அம்மாவே எந்திரிச்சி அருவாள எடுத்துக் குடுத்து, "கூரையத் தொடற கிளை மட்டும்"னாங்க. மரம் நிக்குது, கிளை போச்சி.

மே 4

கத்திரி ஆரம்பம். கொளுத்துனவரு வீட்டுக்கே வந்து திண்ணைல உக்காந்து, "பாப்பா, தப்பு எம்மேலதான்"னு எங்கிட்ட சொல்லிட்டு, சித்தப்பா கையப் புடிச்சிக்கிட்டாரு. கெட்டவரு இல்ல, எல்லாரும் அப்படித்தான் கொளுத்தறோம். தெருவுல பேசி, மதியத்துல யாரும் கொளுத்தக் கூடாது, கொளுத்தியே ஆகணும்னா விடியக்காலைல காத்து இல்லாதப்போ, பக்கத்துல தண்ணிக் குடத்தோட, சாம்பலக் கையால தொட்டுப் பாத்துட்டுதான் வீட்டுக்குப் போகணும்னு முடிவு பண்ணிருக்கோம். நாலு பேரு குழி வெட்டி மக்க வைக்கறேன்னிருக்காங்க, சருகு மக்குனா மரத்துக்கே உரம்தானே.

மே 10

சித்தப்பா புதுக் கொட்டாவ வீட்ட விட்டுத் தள்ளி, தகர ஷீட்டுல போடறாரு. கீத்து மாதிரி குளுமை இருக்காது, மாடு பாவம், மேல தண்ணி தெளிக்கணும்னு பேசிக்கிட்டாங்க. கன்னுக்குட்டி முதுகுக்கு டாக்டர் குடுத்த மருந்து தடவுனேன், தோல் கட்டிடுச்சி, இப்ப கிட்டப் போனா ஒதைக்குது. சாயங்காலம் ட்ராக்டர் வருது, வைக்கோல் போரக் கொல்லக் கோடிக்கு மாத்தணும்.