என்விரோதான்: மண்ணைப் பிசைந்து மதிப்பெண் வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர்களுக்கு ஸ்பெல்லிங் பீ தெரியும், ரோபாட்டிக்ஸ் தெரியும். என்விரோதான் என்றால் "அது என்ன மாரத்தானா?" என்று கேட்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். 1979-ல் பென்சில்வேனியாவில் மண், நீர் பாதுகாப்புக்கான உள்ளூர் அமைப்புகள் தொடங்கிய சுற்றுச்சூழல் அறிவுப் போட்டி இது. இப்போது கனடா அணிகளும் வருகின்றன. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள் சேரலாம், அணிக்கு ஐந்து பேர். மண், நீர்நிலை, காடு, காட்டுயிர் ஆகிய நான்கும் எப்போதும் உண்டு. ஐந்தாவது தலைப்பு ஆண்டுதோறும் மாறும். நான் கலந்துகொண்ட 2024-ல் அது புதுப்பிக்கத்தக்க ஆற்றல்.

ஆளுக்கொரு பாடம் என்று பிரித்தபோது எனக்கு மண் வந்தது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கடைசியில் எனக்கு மிகவும் பிடித்துப்போனதும் அதுதான்.

போட்டி அரங்கத்துக்குள் நடக்காது. ஒரு பூங்காவிலோ காட்டோரத்திலோ பாடத்துக்கு ஒரு ஸ்டேஷன் வைத்திருப்பார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே விடைத்தாள், மணி அடித்தால் அடுத்த ஸ்டேஷன். மண் ஸ்டேஷனில் ஒரு குழி வெட்டியிருந்தது. இறங்கி, ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் மேல் தள்ளி நாடாவாக நீட்ட வேண்டும். ஓர் அங்குலம் வருவதற்குள் அறுந்தால் களிமண் குறைவு, இரண்டு அங்குலத்தைத் தாண்டியும் தொங்கினால் நல்ல களிமண். கூடவே நறநறப்பு இருக்கிறதா, மாவு போல வழுவழுப்பா என்பதையும் விரல்தான் சொல்ல வேண்டும். மணல், வண்டல், களிமண் விகிதத்தைக் காட்டும் முக்கோண வரைபடத்தைப் புத்தகத்தில் எத்தனை தடவை பார்த்தாலும் இது வராது. எங்கள் ஆசிரியை வகைவகையான மண்ணை டப்பாக்களில் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்வார்.

அப்புறம் நிறம். மன்செல் என்ற வண்ணப் புத்தகத்தில் சின்னச் சின்ன நிறச் சில்லுகள் இருக்கும், மண் கட்டியை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். அந்தக் குழியில் மேலே பழுப்பு, கொஞ்சம் கீழே போனதும் சாம்பல் நிறத் திட்டுகள். கேள்வி இதுதான்: இங்கே செப்டிக் டேங்கோடு வீடு கட்டலாமா? காற்றுப் படும் மண்ணில் இரும்பு துருவேறிச் சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். தண்ணீர் நெடுநாள் தேங்கினால் அந்த நிறம் போய்ச் சாம்பலாகிவிடும். அப்படியானால் வருடத்தில் பல வாரங்கள் தண்ணீர் அந்த ஆழம் வரை ஏறி நிற்கிறது, கழிவுநீர் வடிய வழியில்லை, கட்டக் கூடாது. நாங்கள் குழிக்குள் நின்றபோது தரை காய்ந்துதான் கிடந்தது!

காட்டு ஸ்டேஷனில் சிக்கல் வேறு மாதிரி. வசந்த காலத் தொடக்கம், பாதி மரங்களில் இலையே இல்லை. கிளைகள் எதிரெதிராக முளைக்கிறதா என்று முதலில் பார்த்தால் மேப்பிள், ஆஷ், டாக்வுட் போன்ற சில மரங்களுக்குள் விடை வந்துவிடும். ஆஷ் பட்டையில் ஆங்கில 'D' எழுத்து வடிவத்தில் ஓட்டை இருந்தால் எமரால்டு ஆஷ் போரர் வண்டு வெளியேறிய இடம். 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வண்டு கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றிருக்கிறது. மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளப்பார்கள். அதற்கான அளவுகோலான பில்ட்மோர் குச்சியை மரத்தோடு ஒட்டி, கண்ணிலிருந்து 25 அங்குலத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல் படிக்க வேண்டும். எங்கள் அணியில் கை நீளமானவன் பிடித்தால் ஒரு விடை, நான் பிடித்தால் வேறு விடை. தூரத்தை நூல் வைத்து அளந்து பழகிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

நீர்நிலையில் ஓடைப் பூச்சிகள். ஸ்டோன்ஃப்ளை குஞ்சுகள் நிறைய இருந்தால் ஓடை சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். காட்டுயிருக்கு மண்டை ஓடுகள். மான் மண்டையில் மேல்தாடை முன்பற்கள் இருக்காது, பார்த்ததும் தெரிந்துவிடும்.

மாநிலச் சுற்றில்தான் வியர்த்தது. ஒரு பண்ணை நிலத்தின் வரைபடத்தைக் கொடுத்து, சூரிய மின்தகடு அமைக்கத் திட்டம் போடச் சொன்னார்கள். போன் கிடையாது, ஆசிரியையிடம் பேசவும் கூடாது. தகடுகளுக்கு அடியில் ஆடு மேய்க்கலாம் என்று அழகாகச் சொன்னோம். நடுவர் ஒருவர் கேட்டார்: "தகடு நடக் கனரக வண்டி வருமே, மண் இறுகி மழைநீர் எங்கே போகும்?" மற்ற நால்வரும் என்னைப் பார்த்தார்கள். ஈர நாட்களில் வண்டியை விடக் கூடாது, வேலைக்கு முன்பே புல் விதைத்து வேர் பிடிக்க வைக்க வேண்டும், சரிவின் குறுக்கே புல் பட்டை விட வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் மண்ணில் எங்கள் மதிப்பெண் நன்றாகவே இருந்தது.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் அணி இல்லையென்றால் பொறுப்பேற்க ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். அறிவியல் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கவுன்ட்டியின் மண், நீர் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் பாடக் குறிப்புகளும் பதிவுத் தேதியும் சொல்வார்கள். உள்ளூர்ச் சுற்று பெரும்பாலும் வசந்த காலத்தில் வரும், பனிக்காலத்தில் மண் உறைந்துவிடும். அதனால் குழி வெட்டிப் பழகுவதை இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.