முப்பத்தஞ்சு வயசுல மட்டையைத் தொட்ட பெருசு

நேத்து ராத்திரி தூக்கம் வராம வால்டர் டிராவிஸ் பத்தி படிச்சிட்டு இருந்தேன், மனுஷன் 1862-ல ஆஸ்திரேலியாவுல பொறந்து நியூயார்க் போய் செட்டில் ஆனவரு, கோல்ஃப் மட்டையைக் கையில எடுத்ததே 1896-ல, அப்ப வயசு கிட்டத்தட்ட 35! நம்மள்ல பாதி பேரு அந்த வயசுல மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குறோம். நாலே வருஷத்துல அமெரிக்க அமெச்சூர் (காசுக்கு ஆடாதவங்களுக்கான போட்டி) சாம்பியன். 1900, 1901, 1903னு மூணு தடவை. எல்லாரும் 'ஓல்ட் மேன்'னு தான் கூப்பிடுவாங்களாம்.

பந்தை தூரமா அடிக்க வராது, ஆனா நேரா அடிப்பாரு, குழிகிட்ட வந்துட்டா ஆளு எமன். 1904-ல இங்கிலாந்து சாண்ட்விச்ல பிரிட்டிஷ் அமெச்சூர் ஃபைனல், எதிர்ல பிளாக்வெல், அவர் அடிச்சா பந்து எங்கயோ போய் விழும். டிராவிஸ் கையில, தலைப்பகுதிக்கு நடுவுல கம்பு வச்ச ஸ்கெனெக்டடி பட்டர் (வெண்ணெய் இல்லைங்க, பந்தை உருட்டுற மட்டை). மூணு குழி பாக்கி இருக்கும்போதே ஜெயிச்சிட்டாரு. பிற்பாடு 1910-ல அந்த மாதிரி மட்டைக்கே அங்க தடை போட்டுட்டாங்க, வயித்தெரிச்சல்னு தான் எனக்குத் தோணுது.

அப்புறம் பத்திரிகை நடத்துனாரு, மைதானங்கள் டிசைன் பண்ணாரு. நியூயார்க் மாநிலத்துல இருக்குற கார்டன் சிட்டி மைதானத்த மாத்தி அமைச்சப்போ 18-வது குழிகிட்ட ஆழமா ஒரு மணல் பள்ளம் வெட்டி வச்சாரு. 1908 அமெரிக்க அமெச்சூர் அங்கயே நடந்துச்சு, செமிஃபைனல்ல இவரு பந்தே அந்தப் பள்ளத்துல விழுந்து, வெளிய எடுக்க முடியாம தோத்துட்டாரு. தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறதுன்னு சொல்லுவாங்கள்ல, அதேதான்.