அடைப்பு இல்லை, வலி இருக்கிறது

"பெரிய ரத்தக்குழாய் எதுலயும் அடைப்பு இல்லை" என்று ஆஞ்சியோ முடிந்து சொன்னதும் கூட வந்திருக்கும் மகன் கையெடுத்துக் கும்பிடுவார். படுத்திருக்கும் அம்மாவின் முகத்தில் மட்டும் தெளிவு வராது. "அப்ப படியேறினா ஏன் சார் நெஞ்சைப் பிடிக்குது?" இதயநோய்ப் பிரிவில் இருப்பவர்கள் எல்லாருக்கும் பழகிய கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய பெண்கள். சர்க்கரையோ பிரஷரோ கூடவே இருக்கும்.

அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்கள் ஆஞ்சியோவில் தெரிவதில்லை. இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் விடுவது என்று முடிவு செய்பவையோ அவைதான். உழைக்கும் நேரத்தில் அவை விரிய மறுத்தாலோ சுருங்கிக்கொண்டாலோ வலி வரும். 1973-இல் இதற்கு ‘சின்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது.

அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ‘வைஸ்’ ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பில், நெஞ்சுவலி இருந்தும் ஆஞ்சியோ சுத்தமாக இருந்த பெண்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவற்றின் விகிதம் 7.9 சதவீதம், வலியே இல்லாத பெண்களிடம் 2.4. இது தெரிந்த பிறகும் கேஸ் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

அதற்காகப் பயமுறுத்தவும் கூடாது. பலர் பல வருஷம் நன்றாகவே இருக்கிறார்கள். சிலர் மட்டும் காலில் வீக்கம், மூச்சிரைப்பு என்று திரும்பி வருவார்கள். எக்கோவில் பம்ப் செய்யும் திறன் சரியாக இருக்கும், தசைதான் விறைத்திருக்கும்.

ஸ்காட்லாந்தில் செய்த ‘கார்மிகா’ ஆய்வு (2018) ஒரு நம்பிக்கை தருகிறது. குழாய்க்குள் விட்டு ரத்த ஓட்டத்தை அளக்கும் பிரஷர் வயர், மருந்து செலுத்திக் குழாய் சுருங்குகிறதா என்று பார்க்கும் அசிட்டைல்கோலின் சோதனை இவற்றால் காரணத்தைப் பிரித்தறிந்து மருந்து கொடுத்தபோது வலியும் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டன. ஆயுள் கூடியதாக அது காட்டவில்லை. நம் ஊரில் வயர் விலையைக் கேட்டதுமே பாதிப்பேர் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். அப்போது அறிகுறியை வைத்தே இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரோ குழாயைத் தளர்த்தும் கால்சியம் பிளாக்கரோ தொடங்க வேண்டியதுதான்.

"இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன் சார்?" என்றால் எண்ணிக்கை சொல்ல மாட்டேன். பிரஷர், சர்க்கரை, நடை, புகை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை இவற்றைத்தான் பேசுவேன். வலி குறைந்த ஆறாவது மாதம், "கொழுப்பு நார்மல்னு வந்துருச்சே சார்" என்று ஸ்டேட்டினைத் தாங்களே நிறுத்திவிட்டு வருபவர்களிடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.