சாக்குப் பையில் கிடந்த மூளை

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, சென்னையில் என்னைப் போன்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குத் தூக்கமே இல்லை. கட்டி இழுத்து வந்து வரிசையாக நிறுத்திய வண்டிகளில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் டீசல் காரும் ஒன்று. இன்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டரான இசியுவைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. புதிது வாங்க அவருக்குக் கட்டுப்படியாகாது. பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் அலைந்து அதே பார்ட் நம்பருள்ள பழைய இசியு ஒன்றைப் பிடித்தேன். நனைந்ததைக் காயலான் கடைச் சாக்கில் போட்டுவிட்டு இதை மாட்டினேன்.

செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்தது. இரண்டு விநாடி ஓடி நின்றது. மறுபடியும் அதே இரண்டு விநாடி. டீசல் வரவில்லை போல என்று ஃபில்டரை மாற்றினேன், லைனில் ஏர் எடுத்தேன். அரை நாள் போச்சு. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு முழு நேரமும் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. ஸ்கேனரும் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் வண்டியை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு, என்று சொன்னது. நனைந்த வண்டி ஆயிரம் கோளாறு காட்டும், அதில் இதுவும் ஒன்று என்று நானே ஒதுக்கிவிட்டேன்.

சாவித் தலைக்குள் பேட்டரியே இல்லாத சிப் ஒன்று இருக்கும். சாவி போடும் இடத்தைச் சுற்றியுள்ள காயில்தான், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில், அதற்கு உயிர் கொடுக்கிறது. (ரிமோட் பேட்டரி தீர்ந்ததால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருபவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.) சிப் சரியாக இருந்தால் இம்மொபிலைசர் இசியுவோடு ரகசிய எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும். நான் மாட்டியதோ முகம் தெரியாத வேறொரு காரின் எண்ணை வைத்திருந்தது. எண் ஒத்துப்போகாததால் டீசலை நிறுத்தியது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

"தம்பி, சாவியும் புதுசு வாங்கணுமா?" என்றார் ஆசிரியர்.

"இருங்க சார்" என்று சாக்கைக் கொட்டினேன்.

நனைந்த இசியு செத்திருந்தாலும், அதன் போர்டில் அந்த ரகசிய எண்ணை வைத்திருக்கும் எட்டுக் கால் மெமரி சிப் சாகவில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, சிப்பைக் கழற்றி புரோகிராமரில் வைத்தேன். முதல் இரண்டு முறை படித்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கால்களை இன்னொரு தடவை சுத்தம் செய்த பிறகு மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தது. புதுப்பேட்டை இசியுவில் இருந்ததைத் தனியாகச் சேமித்துக்கொண்டு, அந்த இடத்தில் இதை எழுதினேன். அந்த வண்டியில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் திருத்த எண்களும் இதே சிப்பில் இருந்ததால் அவற்றைத் தனியாகப் பதியும் வேலையும் மிச்சம்.

இப்போதெல்லாம், திருட்டு வண்டியாக இருந்துவிடக் கூடாதே என்று, ஆர்.சி. புத்தகத்தையும் சேஸிஸ் நம்பரையும் ஒத்துப் பார்க்காமல் இந்த வேலையைத் தொடுவதில்லை. செத்த இசியு எதையும் வண்டி டெலிவரி ஆகும் வரை சாக்கில் போடுவதும் இல்லை.

அன்று சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. இன்ஜின் இரண்டு விநாடியைத் தாண்டி ஓடியது. ஆசிரியர் கிளம்பலாமா என்றார். அணைத்துப் பார்க்கப் பயந்து, நான்தான் பத்து நிமிடம் அதை ஓடவிட்டபடியே நின்றிருந்தேன்.