35 விநாடி

ஒளி சிகிச்சை அறை என் பொறுப்புக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் சொரியாசிஸ், வெண்புள்ளிக்காரர்கள்தான். சீட்டில் 'பிட்டிரியாசிஸ் லைக்கனாய்டீஸ் க்ரானிகா' என்ற தோல் நோய் வருவது அபூர்வம். நாங்கள் பி.எல்.சி. என்போம். பெயர்தான் மிரட்டும், ஒட்டுவாரொட்டி இல்லை.

அந்தப் பையனுக்குப் பத்து வயது. தொடையிலும் முதுகிலும் பொடிப்பொடியாகப் பருக்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செதில். லேசாக நெம்பினால் மைக்காத் துண்டு போல முழுசாகக் கழன்று வரும். ஆறிய இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. தேமல் என்று ஆறு மாதம் களிம்பு தடவியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தொழுநோயோ என்று தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். தொடு உணர்ச்சி பார்த்து, தோலில் துளி வெட்டிச் சோதிக்கும் பயாப்சியும் எடுத்த பிறகுதான் இன்னதென்று தெரிந்தது.

தோலில் வந்து குவிந்துகிடக்கும் வெள்ளணுக்களை 311 நானோமீட்டர் யுவிபி என்னும் புற ஊதா ஒளி அடக்கும். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தொடக்க அளவு சதுர சென்டிமீட்டருக்கு 280 மில்லிஜூல்; எங்கள் ஒளிப்பெட்டியில் அதற்கு 35 விநாடி. அந்த 35 விநாடிக்கு இரண்டு பஸ் மாறி, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருவார் அவன் அம்மா. பாதுகாப்புக் கண்ணாடியையும் ஜட்டியையும் கழற்றக் கூடாது என்று சொல்லி உள்ளே நிறுத்தினால், "எண்ணட்டுமாக்கா?" என்பான். ஒவ்வொரு முறையும் பத்து சதவீதம் கூட்டினோம்.

பத்தாவது முறை அம்மா முகம் கொடுக்கவில்லை. "லைட்டு காட்டுனதுலேருந்துதான் சிஸ்டர் வெள்ளை இன்னும் பளிச்சுன்னு தெரியுது."

அவர் கண் பொய் சொல்லவில்லை. சுற்றியிருந்த தோல் கறுத்துவிட்டது. அதனால் வெளுப்பு எடுத்துக் காட்டியது. அவர் கையைப் பிடித்து மகன் முதுகில் வைத்தேன். சொரசொரப்பே இல்லை. இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு இருக்கே" என்றார். நிறம் திரும்ப மாதக்கணக்காகும் என்பதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். பழைய டியூப்களை மாற்றிய மறுநாள், மீட்டர் வைத்து அளக்காமல் பழைய நேரத்தையே போட்டுவிட்டேன். புது டியூப்பில் வெளிச்சத்தின் வீரியம் அதிகம். அன்று ராத்திரி பையனின் முதுகு சிவந்து எரிந்திருக்கிறது. டாக்டரிடம் சொன்னேன், பதிவேட்டிலும் எழுதினேன். சிவப்பு அடங்கும்வரை நிறுத்திவைத்து, அளவைக் குறைத்துத் திரும்பத் தொடங்கினோம்.

இரண்டு நிமிடம் எண்ணிப் பழகியிருந்தவன் நாற்பதிலேயே விளக்கு அணைந்ததும் தலையை வெளியே நீட்டினான். "என்னக்கா, கரண்ட் போயிடுச்சா?"