தனுஷ்கோடி போகிறவர்களுக்கு

ராமேஸ்வரத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் பங்க் கிடையாது. 2017-ல் திறந்த சாலை, நிலம் கடலில் முடியும் அரிச்சல்முனை வரை போகிறது. பெரும்பாலோர் நேராக முனைக்குப் போய் செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வழியில் இருக்கும் பழைய தனுஷ்கோடி ஊர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்து, வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த ஊர்.

இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர்களில் பவளக்கல்லைப் பார்க்கலாம். உப்புக்காற்றில் கல்லும் சுண்ணாம்புக் காரையும் பொரிந்து உதிர்கின்றன. ஏறாதீர்கள், சாயாதீர்கள், ஒரு துண்டும் எடுத்து வராதீர்கள்.

குடிசைகளில் இன்றும் மீனவர்கள் இருக்கிறார்கள். மணலில் கையால் தோண்டிய ஊற்றுதான் அவர்களுக்குக் குடிநீர். மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது; ஆசைப்பட்டு ஆழம் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதில் கால் கழுவுவதெல்லாம் அக்கிரமம். உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள்.

ஆடிக்காற்றில் சாலையில் மணல் ஏறும், பைக் வழுக்கும். முனையில் இரு கடல்களின் நீரோட்டமும் மோதுவதால் குளிக்க இறங்க வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள், இருட்டுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.